‘சோதனைக் கிணறுதானே?’: மீத்தேன், ஷேல், ஃப்ராக்கிங்... எரிவாயுவை எப்படி எடுக்கிறார்கள், ஆபத்து எங்கே இருக்கிறது?

ராமநாதபுரம் பகுதியில் 20 சோதனைக் கிணறுகள் தோண்ட ஓஎன்ஜிசி நிறுவனத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது 2025 மார்ச் மாதத்தில். அது பெரிய செய்தியானது ஆகஸ்ட்டில். விவசாய சங்கங்கள் கொந்தளித்தன. அனுமதி கொடுத்தது மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம். அதைத் திரும்பப் பெறும்படி அந்த ஆணையத்திடம் சொன்னது தமிழக அரசு. மாநில ஆணையம் கொடுத்த அனுமதியை மாநில அரசே வேண்டாம் என்கிறதா என்று பலர் குழம்பிப்போனார்கள்.

இதைவிடப் பெரிய குழப்பம் வாட்ஸ்அப்பில் ஓடியது. ஒருவர் ‘மீத்தேன் திட்டம் மறுபடியும் வந்துவிட்டது’ என்றார். இன்னொருவர் ‘ஃப்ராக்கிங்’ என்றார். ‘சும்மா சோதனைக் கிணறுதானே, இதுக்கு ஏன் இவ்வளவு பதற்றம்?’ என்று கேட்டவர்களும் உண்டு. மீத்தேன், ஷேல், ஹைட்ரோகார்பன், ஃப்ராக்கிங் எல்லாம் ஒன்றுதானா? இல்லை. ஆனால் இவை ஒன்றோடொன்று கலந்து பேசப்படுவதற்கு மக்களின் அறியாமை மட்டும் காரணமில்லை. அரசின் உரிமமே இப்போது இவற்றை ஒன்றாகத்தான் பார்க்கிறது.

முதலில், எது ‘வழக்கமான’ எரிவாயு?

ஹைட்ரோகார்பன் என்பது பொதுப்பெயர். கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிக்குள் இருக்கும் மீத்தேன் எல்லாமே அதில் அடங்கும். இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதி மீத்தேன்தான். (வீட்டு சிலிண்டரில் வருவது வேறு. அது புரோப்பேன், பியூட்டேன் கலவை. குழாய் வழியாக வரும் பிஎன்ஜியும், ஆட்டோவுக்கு நிரப்பும் சிஎன்ஜியும்தான் மீத்தேன்.)

பூமிக்கடியில் பல கோடி ஆண்டுகளுக்கு முன் புதைந்த உயிர்ப்பொருள்கள் அழுத்தத்திலும் வெப்பத்திலும் எரிவாயுவாக மாறுகின்றன. இது உருவாகும் இடம் களிமண் இறுகி உண்டான ஷேல் எனும் பாறை. அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து மேலே வந்து, நுண்துளைகள் நிறைந்த மணற்பாறையில் தங்குகிறது. அதற்கு மேல் மூடிபோல ஒரு கெட்டிப் பாறை இருந்தால், அங்கேயே சிறைபட்டுவிடும். அந்த மூடியில் துளை போட்டால் தன் அழுத்தத்திலேயே மேலே வரும். இதுதான் வழக்கமான முறை. நரிமணம், கோவில்களப்பால், குத்தாலம் என்று காவிரிப் படுகையில் ஓஎன்ஜிசி பல ஆண்டுகளாகச் செய்துவருவது பெரும்பாலும் இதுதான்.

கசிந்து மேலே வராமல் பாறைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும் வாயுவை எடுப்பதுதான் ‘வழக்கத்துக்கு மாறான’ முறை. வாயு அதே வாயுதான். ஆனால் அது தானாக வராது, பாறையை ஏதாவது செய்தாக வேண்டும். என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஆபத்தும் மாறுகிறது.

பாறையை உடைப்பது: ஃப்ராக்கிங்

ஷேல் பாறையில் துளைகள் மிக மிக நுண்ணியவை. சாதாரணக் கிணறு போட்டால் வாயு வராது. அதனால் ஒன்றரை, இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குச் செங்குத்தாகத் துளையிட்டு, பிறகு துளையை அப்படியே கிடைமட்டமாக வளைத்து, பாறை அடுக்குக்குள்ளேயே கிலோமீட்டர் கணக்கில் கொண்டுபோகிறார்கள். பிறகு தண்ணீர், மணல், ரசாயனங்கள் கலந்த திரவத்தை மிகப் பெரிய அழுத்தத்தில் உள்ளே செலுத்துகிறார்கள். பாறை விரிசல் விடும். விரிசல் மறுபடி மூடிக்கொள்ளாமல் மணல் துகள்கள் தாங்கிப் பிடிக்கும். அந்த இடுக்கு வழியாக வாயு வெளியே வரும்.

இதில் பாறையை உடைக்கும் பகுதி புதிதல்ல. அமெரிக்காவின் கன்சாஸில் 1947லேயே முயன்று பார்த்துவிட்டார்கள். சாதாரண எண்ணெய்க் கிணறுகளிலும் உற்பத்தியைக் கூட்ட இதைச் சிறிய அளவில் செய்வதுண்டு. 1990களின் இறுதியில் டெக்சாஸின் பார்னெட் ஷேல் பகுதியில் ஜார்ஜ் மிட்செலின் நிறுவனம் மலிவான திரவக் கலவையைக் கண்டுபிடித்ததும், அதோடு கிடைமட்டத் துளையிடல் சேர்ந்ததும்தான் ஆட்டத்தை மாற்றியது. அமெரிக்கா இன்று உலகின் மிகப்பெரிய எரிவாயு உற்பத்தியாளர் என்றால், அதற்கு இந்தக் கூட்டணிதான் காரணம்.

திரவத்தில் ரசாயனத்தின் பங்கு பெரும்பாலும் 2 சதவீதத்துக்கும் குறைவு என்று நிறுவனங்கள் சொல்லும். அது உண்மைதான். ஆனால் எதில் 2 சதவீதம்? அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் கணக்குப்படி ஒரு கிணற்றை ஃப்ராக்கிங் செய்ய சுமார் 57 லட்சம் லிட்டர் முதல் 6 கோடி லிட்டர் வரை தண்ணீர் தேவைப்படலாம். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் கணக்குப் போட்டால் ஒரே கிணற்றுக்கு 475 லாரி முதல் 5,000 லாரி வரை. ஷேல் கிணறுகளில் உற்பத்தி வேகமாகக் குறையும் என்பதால் ஒன்றிரண்டு கிணறுகளோடு நிறுத்தவும் முடியாது. தொடர்ந்து புதிய கிணறுகள் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

உள்ளே போன திரவத்தில் ஒரு பகுதி திரும்ப மேலே வரும். வரும்போது பாறையில் இருக்கும் உப்பையும், சில இடங்களில் ரேடியம் போன்ற கதிரியக்கப் பொருள்களையும் இழுத்துக்கொண்டு வரும். இதை என்ன செய்வது என்பதுதான் இந்தத் தொழிலின் தீராத தலைவலி. அமெரிக்காவில் பல இடங்களில் இன்னொரு ஆழ்கிணற்றுக்குள் செலுத்திவிடுகிறார்கள். ஓக்லஹோமா மாநிலத்தில் அப்படிச் செலுத்திய கழிவுநீர், பூமிக்கடியில் இருந்த பழைய பிளவுகளை நகர்த்திவிட்டது. 2016 செப்டம்பரில் பாவ்னி நகருக்கு அருகே 5.8 ரிக்டர் அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. பிரிட்டனில் 2019 ஆகஸ்ட்டில் ஃப்ராக்கிங் நடந்த இடத்திலேயே 2.9 அளவில் நில அதிர்வு வந்தது, சில மாதங்களில் அரசு தடை போட்டது. பிரான்ஸ் 2011லேயே தடை செய்துவிட்டது.

குழாயில் தீப்பிடிக்கும் வீடியோ உண்மையா?

சமையலறைக் குழாயைத் திறந்து லைட்டரைக் காட்டினால் தண்ணீரோடு தீ எரியும் காட்சியைப் பலரும் பார்த்திருப்பார்கள். ‘காஸ்லேண்ட்’ என்ற ஆவணப்படத்தில் வந்தது. அது கொலராடோ மாநிலத்தில் எடுக்கப்பட்டது. அந்தக் குறிப்பிட்ட வீட்டுக் கிணற்றில் இருந்தது இயற்கையாகவே நிலத்தடியில் நுண்ணுயிர்களால் உண்டான மீத்தேன் என்று அந்த மாநில ஒழுங்குமுறை அமைப்பு சொன்னது. அதை வைத்து ‘எல்லாம் பொய்’ என்று எரிவாயு நிறுவனங்கள் பிரச்சாரம் செய்தன.

ஆனால் பென்சில்வேனியாவின் டிமோக் ஊரின் கதை வேறு. 2009 புத்தாண்டு தினத்தில் அங்கே ஒரு வீட்டின் குடிநீர்க் கிணறு வெடித்தது. பல வீடுகளின் கிணறுகளில் மீத்தேன் கலந்திருந்தது. வழக்கு, பேச்சுவார்த்தை, மறுப்பு என்று 13 ஆண்டுகள் ஓடின. 2022 நவம்பரில் அந்த நிறுவனம் குற்றச்சாட்டை எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டு, ஊருக்குக் குழாய்க் குடிநீர் கொண்டுவர 1.6 கோடி டாலருக்கும் அதிகமாகத் தர ஒப்புக்கொண்டது.

அதே பென்சில்வேனியா பகுதியில் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குடிநீர்க் கிணறுகளைச் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். எரிவாயுக் கிணற்றுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த குடிநீரில் மீத்தேன் அளவு, தள்ளி இருந்தவற்றைவிடச் சராசரியாக 17 மடங்கு அதிகம். ஆனால் ஃப்ராக்கிங் ரசாயனம் கலந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அப்படியானால் வாயு எப்படி வந்தது? பிந்தைய ஆய்வுகள் கைகாட்டியது கிணற்றையே. இரும்புக் குழாயைச் சுற்றிப் போடும் சிமென்ட் பூச்சு சரியில்லாவிட்டால், அந்த இடுக்கு வழியாக வாயு மேலே ஏறி நீரடுக்கில் கலக்கிறது.

இந்த விஷயம் நமக்கு ரொம்ப முக்கியம். ‘இங்கே ஃப்ராக்கிங் கிடையாது, அதனால் பயப்பட வேண்டாம்’ என்று அதிகாரிகள் சொல்லும்போது, அது பாதிப் பதில்தான். சிமென்ட் பூச்சு எல்லாக் கிணறுகளிலும் இருக்கிறது. சாதாரணக் கிணற்றிலும் அது பழுதாகலாம்.

தண்ணீரை இறைப்பது: மன்னார்குடி மீத்தேன் திட்டம்

தமிழ்நாட்டில் ‘மீத்தேன்’ என்ற சொல்லே போராட்டச் சொல்லானது மன்னார்குடியால்தான். அது ஷேல் திட்டம் அல்ல. நிலக்கரிப் படுகை மீத்தேன் திட்டம். நெய்வேலியில் வெட்டி எடுப்பது போன்ற பழுப்பு நிலக்கரி, தெற்கே மன்னார்குடி வட்டாரத்தில் இன்னும் ஆழத்தில் கிடக்கிறது. அந்த நிலக்கரியின் பரப்பில் மீத்தேன் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை அங்கேயே பிடித்துவைத்திருப்பது சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தம்.

சோடா பாட்டிலின் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று வாயு வருகிறதே, அதே தத்துவம்தான். தண்ணீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால் மீத்தேன் விடுபடும். முதலில் பல மாதங்களுக்கு வெறும் தண்ணீர்தான் அதிகம் வரும். பிறகுதான் வாயு கூடும். அதாவது, இந்த முறையில் நிலத்தடி நீரை வெளியேற்றுவது ஏதோ விபத்தோ பக்கவிளைவோ அல்ல. அதுதான் வேலையே.

டெல்டாவில் அதற்கு என்ன அர்த்தம்? காவிரியில் தண்ணீர் வராத மாதங்களில் பில்டர் பாயின்ட்டும் போர்வெல்லும்தான் நாற்றங்காலைக் காப்பாற்றுகின்றன. கடல் பக்கத்தில் இருக்கிறது. உள்ளே நன்னீரின் அழுத்தம் குறைந்தால் உப்புத்தண்ணீர் உள்ளே ஏறும். நிலக்கரி அடுக்குக்கும் மேலே உள்ள நீரடுக்குக்கும் நடுவே கெட்டியான களிமண் படலம் இருந்தால் பாதிப்பு குறையலாம். இல்லாவிட்டால் கூடும். இதை ஊர் ஊராகத் துளையிட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியுமே தவிர, ‘ஒன்றும் ஆகாது’ என்றோ ‘நாளையே பாலைவனம்’ என்றோ மேடையில் நின்று சொல்ல முடியாது. ஒன்று மட்டும் கண் முன்னால் இருக்கிறது. நெய்வேலியில் சுரங்கம் நடக்க வேண்டும் என்பதற்காகவே நிலக்கரிக்குக் கீழே இருக்கும் நீரடுக்கிலிருந்து பல பத்தாண்டுகளாக இடைவிடாமல் தண்ணீர் இறைக்கப்படுகிறது. சுற்றுவட்டார விவசாயிகளிடம் கேட்டால் கிணற்று மட்டத்தின் கதையைச் சொல்வார்கள்.

மன்னார்குடி உரிமம் 2010இல் கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்துக்குக் கிடைத்தது. 2007இல் மேற்கு வங்கத்தின் ராணிகஞ்சில் இந்தியாவின் முதல் வணிகரீதியான நிலக்கரிப் படுகை மீத்தேன் உற்பத்தியைத் தொடங்கிய அதே நிறுவனம். ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கப் பகுதி. மன்னார்குடி நெல்வயல். இந்த வித்தியாசத்தைத்தான் இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அந்தப் பிரச்சாரப் பயணத்தின்போதுதான் 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே காலமானார். நிபுணர் குழு அமைத்த தமிழக அரசு, 2015 அக்டோபரில் திட்டத்துக்குத் தடை விதித்தது.

நெடுவாசல்: பெயர் மாறியது, சந்தேகம் போகவில்லை

2017 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 31 சிறு வயல்களின் பட்டியலில் புதுக்கோட்டை மாவட்டத்தின் நெடுவாசலும் இருந்தது. இந்த முறை மீத்தேன் என்ற சொல் இல்லை. ‘ஹைட்ரோகார்பன்’ என்றார்கள். இது நிலக்கரி மீத்தேனும் இல்லை, ஷேலும் இல்லை, ஏற்கெனவே கண்டறியப்பட்ட சாதாரண எண்ணெய், எரிவாயு வயல் என்று அரசு விளக்கியது. தொழில்நுட்பரீதியாகப் பார்த்தால் அந்த விளக்கம் தவறில்லை.

ஆனால் மக்கள் ஏன் நம்பவில்லை? அதற்கான காரணம் 2016 மார்ச்சில் வந்த புதிய உரிமக் கொள்கையில் இருக்கிறது. அதற்கு முன் எண்ணெய்க்கு ஒரு உரிமம், நிலக்கரி மீத்தேனுக்கு ஒரு உரிமம் என்று தனித்தனியாக இருந்தன. புதிய கொள்கை எல்லாவற்றுக்கும் ஒரே உரிமம் என்றது. சிறு வயல்களுக்கான கொள்கையிலும் அதே கதைதான். 2018 ஆகஸ்ட்டில் பழைய உரிமதாரர்களும் தங்கள் பகுதியில் ஷேல், நிலக்கரி மீத்தேன் தேடலாம் என்று அனுமதி வந்தது. 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய எண்ணெய் வயல்கள் திருத்தச் சட்டம் இவை எல்லாவற்றையும் ‘கனிம எண்ணெய்’ என்ற ஒரே வரையறைக்குள் கொண்டுவந்தது.

நிறுவனத்தின் கோணத்தில் இது நியாயமான ஏற்பாடு. ஒரு இடத்தில் தோண்டும்போது வேறு ஏதாவது கிடைத்தால் மறுபடி டெல்லிக்கு ஓட வேண்டாம். ஊர்க்காரர் கோணத்தில் பார்த்தால்? உரிமத்தைப் படித்தால் கிணற்றில் என்ன முறை கையாளப்படும் என்று தெரியாது. பாறையை உடைப்பார்களா, தண்ணீரை இறைப்பார்களா, சும்மா துளை மட்டும்தானா? மூன்றுக்கும் ஆபத்து வேறு, ஆனால் காகிதம் ஒன்றுதான்.

இது வெறும் கற்பனைப் பயமும் இல்லை. 2013இல் ஷேல் கொள்கை வந்தபோது ஓஎன்ஜிசி முதல் கட்டமாகத் தேர்வு செய்த 50 இடங்களில் 9 காவிரிப் படுகையைச் சேர்ந்தவை. நம் ஊர் ஷேல் அடுக்குகளில் ஒன்றுக்குப் பெயரே ‘ஆண்டிமடம்’. அரியலூர் மாவட்டத்து ஊர்தான். அதே நேரம், இந்தியாவில் ஷேல் எரிவாயு இதுவரை பெரிய அளவில் வெற்றி பெறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்கா போல ஆயிரக்கணக்கில் கிணறுகள் முளைக்கும் நிலை இப்போதைக்கு இல்லை.

வழக்கமான கிணறு என்றால் பாதுகாப்பா?

அசாமின் பாக்ஜான் கிராமத்தில் ஆயில் இந்தியா நிறுவனத்தின் கிணறு வழக்கமான எரிவாயுக் கிணறுதான். 2020 மே 27 அன்று கட்டுப்பாட்டை இழந்து பீறிட்டது. ஜூன் 9 அன்று தீப்பிடித்தது, தீயணைப்பு வீரர்கள் இருவர் இறந்தார்கள். முழுமையாக அடங்க நவம்பர் ஆகிவிட்டது. பக்கத்திலேயே மகுரி-மோட்டாபுங் ஈரநிலம். ஆந்திராவின் பாசர்லப்பூடியில் 1995 ஜனவரியில் ஓஎன்ஜிசி கிணறு 65 நாள்கள் எரிந்தது. தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று நடந்தது கிணற்று விபத்துகூட இல்லை, குழாய்க் கசிவு. வயலில் கச்சா எண்ணெய் ஓடியது. கேள்வி கேட்ட மக்கள் மீது தடியடி நடந்தது, கைது நடந்தது.

சரி, இவ்வளவு சிக்கல் இருந்தும் அரசு ஏன் விடாமல் முயல்கிறது? இந்தியா பயன்படுத்தும் இயற்கை எரிவாயுவில் ஏறக்குறைய பாதி இறக்குமதி. நாட்டின் எரிசக்தியில் எரிவாயுவின் பங்கை 2030க்குள் 15 சதவீதமாக உயர்த்துவது இலக்கு. இப்போது இருப்பது 6 சதவீதத்தை ஒட்டி. நிலக்கரியைவிட எரிவாயு எரியும்போது கரியமில வாயு குறைவு என்பதும் ஒரு வாதம். எரியும்போது குறைவுதான். ஆனால் எரியாமல் கசிந்தால், 20 ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும்.

கருத்துக் கேட்பு எங்கே போனது?

ராமநாதபுரம் குழப்பத்துக்கு விடை இங்கேதான் இருக்கிறது. 2020 ஜனவரி 16 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அதற்கு முன் எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகள் ‘ஏ’ பிரிவில் இருந்தன. டெல்லியில்தான் அனுமதி, மக்கள் கருத்துக் கேட்பும் உண்டு. அறிவிக்கைக்குப் பிறகு ஆய்வுக் கிணறுகள் ‘பி2’ பிரிவுக்குப் போயின. அனுமதி தருவது மாநில அளவிலான ஆணையம். கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை. முழு அளவிலான சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையும் தேவையில்லை. உற்பத்தி தொடங்கும் கட்டத்துக்குத்தான் பழைய விதிகள்.

அந்த மாநில ஆணையமும் மத்திய அரசின் அறிவிக்கையால் அமைக்கப்படுவதுதான். பெயரில் ‘மாநிலம்’ இருப்பதால் கோட்டையிலிருந்து வரும் உத்தரவு என்று நினைத்துவிடக் கூடாது.

ஆய்வுக் கட்டத்தில் ஊருக்குத் தெரியாமல் போவது ஏன் பெரிய இழப்பு? ஒரே ஒரு காரணம் போதும். டிமோக்கில் 13 ஆண்டுகள் இழுத்தடித்ததற்கு முக்கியக் காரணம், ‘உங்கள் கிணற்றில் மீத்தேன் முன்பே இருந்தது’ என்ற வாதம். துளையிடும் முன்பே தண்ணீரைச் சோதித்த அறிக்கை கையில் இல்லாவிட்டால், பின்னால் எதையும் நிரூபிப்பது கஷ்டம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் இதைச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டது. நிலக்கரி மீத்தேன் எடுக்கும் நிறுவனம் சுற்றியுள்ள விவசாயக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் தரத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பிறகு கிணறு பாதிக்கப்பட்டால் ஆழப்படுத்திக் கொடுப்பதோ, மாற்று நீர் தருவதோ, இழப்பீடோ நிறுவனத்தின் பொறுப்பு. அங்கேயும் விவசாயிகள் திருப்தியாக இல்லை, சண்டை நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் சண்டை போட ஓர் ஆவணமாவது இருக்கிறது.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் துளையிடும் இயந்திரம் வந்தால், ‘இது மீத்தேனா, ஹைட்ரோகார்பனா?’ என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. எவ்வளவு ஆழம், எந்தப் பாறை அடுக்கு, திரவத்தை அழுத்தத்தில் செலுத்துவார்களா, எவ்வளவு தண்ணீர் இறைப்பார்கள், கழிவுநீர் எங்கே போகும், கைவிடும் கிணற்றை யார் மூடிப் பராமரிப்பார்கள், என் கிணற்றுத் தண்ணீரை இப்போதே சோதித்து அறிக்கை தருவீர்களா என்று கேட்கலாம். அனுமதி விண்ணப்பங்களும் நிபந்தனைகளும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவேற்றப்படுகின்றன. நூற்றுக்கணக்கான பக்கங்கள், பெரும்பாலும் ஆங்கிலத்தில். படிக்கத் தெரிந்த பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூருவிலோ ஐடி வேலையில் இருக்கிறார்கள் என்பதுதான் பல கிராமங்களின் நிலை.

பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் இருக்கிறதே?

இருக்கிறது. 2020 பிப்ரவரியில் தமிழக சட்டப்பேரவை நிறைவேற்றிய சட்டம், எண்ணெய், எரிவாயு, நிலக்கரி மீத்தேன், ஷேல் என்று பெயர் சொல்லியே புதிய திட்டங்களைத் தடுக்கிறது. ஏற்கெனவே நடக்கும் ஓஎன்ஜிசி பணிகளை அது தொடாது. எண்ணெய் வயல்கள் மத்திய அரசின் அதிகாரப் பட்டியலில் வருவதால், டெல்லி ஏலம் அறிவிப்பதையும் அது தடுக்கவில்லை. 2021 ஜூனில் புதுக்கோட்டை மாவட்டத்தின் வடதெரு பகுதி ஏலப் பட்டியலில் வந்தது, முதல்வர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. நிலத்தில் தோண்டுவதற்கான குத்தகை மாநில அரசின் கையில் இருப்பதுதான் நடைமுறையில் வலுவான பூட்டு.

அந்த மண்டலத்துக்குள் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களும் வருகின்றன. நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்த மயிலாடுதுறையைச் சேர்க்க 2023இல் தனியாகச் சட்டத்திருத்தம் கொண்டுவந்தார்கள். ஆண்டிமடம் இருக்கும் அரியலூர் அதில் இல்லை. ராமநாதபுரமும் இல்லை. அங்கே எந்த ஹைட்ரோகார்பன் திட்டத்தையும் அனுமதிக்க மாட்டோம் என்பது அரசின் அறிவிப்பு மட்டுமே. அதைச் சட்டமாக்க வேண்டுமென்றால் மயிலாடுதுறைக்குச் செய்ததுபோல இன்னொரு திருத்தம் பேரவைக்கு வர வேண்டும்.